தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனேன்

1

என் நாத்தனார் என் வீட்டு ஆர்க்கிட் செடிகளை அழுகடித்து இன்றோடு ஒரு வருடம். இருபத்திரண்டு தொட்டி. நெதர்லாந்துக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. அதில் பதினொரு வருடம் இந்த ஜன்னல் மேடையோடுதான் போயிருக்கிறது. ஒன்பதே நாளில் எல்லாம் முடிந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் வாட்ஸப்பில் கைகூப்பி அனுதாபம் அனுப்ப வேண்டாம். அழுக விட்டவள் நான்தான்.

ஆர்க்கிட் என்றால் கல்யாண மேடையில் செருகும் ஊதாப் பூ என்றுதான் நம் பக்கம் பலருக்குத் தெரியும். குமுளி மலைச்சாலையில் பஸ் ஏறும்போது, மரக்கிளையில் வேரை வெளியே தொங்கவிட்டு ஒட்டிக்கொண்டிருக்குமே ஒரு செடி, அந்த வகைதான் இது. இங்கே கடையில் வாங்குவதும் மண்ணில் நிற்காது. தொட்டியில் மரப்பட்டைத் துண்டுகளை நிரப்பி உட்கார வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை தொட்டியைப் பத்து நிமிடம் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, சொட்டுகூட இல்லாமல் வடியவிட்டு, அப்புறம்தான் அலங்காரத் தொட்டிக்குள் இறக்க வேண்டும். காய்ந்த வேர் சாம்பல் நிறத்தில் இருக்கும், குடித்த வேர் பச்சையாக இருக்கும். பச்சையாக இருக்கிற வேருக்குத் தண்ணீரைக் காட்டவே கூடாது. நடுக்குருத்தில் தண்ணீர் தங்கினால் குருத்து அழுகி இலை கையோடு வந்துவிடும். பக்கத்தில் நிற்கிற ஆப்பிரிக்க வயலட்டுக்கு இலை நனையக்கூடாது, தட்டில் ஊற்றி அடியிலிருந்து குடிக்க விட வேண்டும். ஆந்தூரியத்துக்கு இலையைத் துடைத்துவிட்டால் போதும், அது பாட்டுக்குப் பூக்கும்.

இதெல்லாம் எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. கொன்று கொன்று கற்றுக்கொண்டேன். ஆர்க்கிட்டைக் கொல்ல வெறுப்பெல்லாம் தேவையில்லை, பாசமாகத் தினமும் தண்ணீர் ஊற்றினால் போதும்.

மதினியிடம் நான் இதைச் சொல்லவில்லை.

2

எங்கள் பக்கம் கணவரின் அக்காவை மதினி என்போம். பெயர் பாண்டியம்மாள். வந்தார், சொன்னார் என்று எழுதுவதுதான் முறை. எனக்கு மனசு வரவில்லை. வந்தாள், சொன்னாள் என்றுதான் எழுதப் போகிறேன்.

என் பெயர் சாந்தி. பிறந்தது ஓடைப்பட்டி. அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். பள்ளிக்கூடம் விட்டால் பந்தலுக்கு அடியில்தான் கிடப்பேன். கவாத்து நேரத்தில் அப்பா ஒரு கத்தரியை என் கையிலும் கொடுப்பார். சாந்தி வெட்டிய கொடியில் குலை குறைந்துவிட்டது என்று ஒருத்தரும் சொன்னது கிடையாது. கட்டிக்கொடுத்த இடம் வடுகபட்டி. மாமனாருக்கு வெற்றிலைக் கொடிக்கால்.

கொடிக்காலுக்குச் சில முறைகள் உண்டு. செருப்புப் போட்டு நுழையக்கூடாது. மாதவிலக்கான பெண் வரப்பைக்கூட மிதிக்கக்கூடாது, மிதித்தால் கொடி வாடிவிடும் என்பார்கள். வாழப்போன வீட்டு முறையாயிற்றே என்று நானும் ஒழுங்காகத்தான் நடந்தேன்.

கல்யாணமாகி எட்டாவது மாதம், ஐப்பசி மழை நேரம். மாமனார் உத்தமபாளையத்தில் ஒரு சாவுக்குப் போனவர் மூன்று நாள் தங்கிவிட்டார். கொடிக்காலை மதினி பார்த்துக்கொண்டாள். புருஷனோடு ஒத்துவராமல் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள் அப்போது. முதல் நாள் நான் அவளுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மழை பிடித்த அடுத்த இரண்டு நாளும் இருவரும் வீட்டோடு கிடந்தோம். மாமனார் திரும்பிய வாரமே கொடி வாட ஆரம்பித்தது. இலையில் மினுமினுப்புப் போனது. தண்டு அடியில் கறுத்து, மீன் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு வாடை. பத்து நாளில் பாதிக் கொடிக்கால் காலி.

முற்றத்தில் மாமனார், அவர் தம்பி, வேலையாட்கள் என்று அத்தனை ஆம்பிளைகளும் நிற்கும்போது மதினி சொன்னாள்: “இவ வீட்டுக்குத் தூரமா இருந்துக்கிட்டு உள்ள போயிருக்கா. நான் என் கண்ணால பாத்தேன்.”

சோறு கொண்டுபோன அன்றைக்கு எனக்கு அது இல்லை. அதற்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. புதுப்பெண், இதை அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வேன்? எதைக் காட்டி நிரூபிப்பேன்? என் கணவர் முருகேசன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சண்டை என்றால் அந்த மனிதர் இன்றுவரை தரையைத்தான் பார்க்கிறார்.

அன்றிலிருந்து என் கை ஆகாத கை. முருங்கைக் கொம்பு ஊன்ற வேண்டுமென்றால், நான் வாசலில் நிற்கும்போதே பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். முளைப்பாரியைத்தான் பொறுக்க முடியவில்லை. அம்மன் கோயில் பொங்கலுக்கு, வெயில் புகாத ஒரு வீட்டில் சட்டிகளில் எரு பரப்பி, நவதானியம் விதைத்து, பெண்கள் கூடி முளை வளர்ப்பார்கள். முளை நன்றாக வந்தால் ஊர் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. அந்த வீட்டுக்குள் என்னை விடவில்லை. மகள் நிலா பிறந்த பிறகும் விடவில்லை. இங்கே வந்து, லீவுக்கு ஊருக்குப் போனபோதும் விடவில்லை. மாமனார் நான்தான் கொடிக்காலை அழித்தேன் என்று நம்பிக்கொண்டே கண்ணை மூடினார்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மதினி தன் வாயால், அந்தக் குடும்பம் கேட்க, சாந்தி மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும். கோயில்களில் நிலாவுக்காகவும் முருகேசனுக்காகவும் வேண்டிக்கொண்டதாக வெளியே சொல்லியிருக்கிறேன். வேண்டியது இதைத்தான்.

3

அக்காவை ஒரு தடவையாவது இங்கே கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று போன வருடம் முருகேசன் ஆரம்பித்தார். நான் வாயைத் திறந்து மறுக்கப் போகிறேன் என்று தயாராக நின்றார். “தாராளமா வரட்டும்” என்றேன். மனிதருக்கு நம்பவே முடியவில்லை, இரண்டு தடவை கேட்டார்.

இந்த ஊரில் விருந்தாளியைக் கூப்பிடுவதென்றால் சும்மா இல்லை. நகராட்சி அலுவலகத்துக்குப் போய், வருகிறவருக்கு நான் பொறுப்பு என்று அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். உறவு என்ன என்று ஒரு கட்டம். இந்த நாட்டு மொழியில் நாத்தனாருக்கு உள்ள சொல்லைப் பிரித்துப் பார்த்தால் சுத்தமான சகோதரி என்று வரும். நல்லா வந்தா சுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். “விசா முடிந்ததும் அவர் திரும்பிப் போய்விடுவாரா?” என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். “கண்டிப்பாகத் திருப்பி அனுப்பிவிடுவேன்” என்றேன். நான் சொன்ன வேகத்தில் அந்தப் பெண் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

மதினி வந்தாள். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு சால்வை. பெட்டியை வைக்கும் முன்பே ஜன்னலைப் பார்த்துவிட்டாள். இங்கே எல்லா வீட்டிலும் திரையை விலக்கி, தெருவைப் பார்த்தபடி ஆர்க்கிட்டை வரிசையாக வைத்திருப்பார்கள். எங்கள் ஜன்னலில் மட்டும் இருபத்து மூன்று.

“ஏத்தா, இதெல்லாம் நெசப் பூவா, பிளாஸ்டிக்கா?”

“நெசப் பூதான் மதினி.”

“யாரு வச்சா?”

“நான்தான். இந்தக் கையாலதான்.”

மதினி ஒரு மடலைத் தொட்டுப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. “இங்கன குளுருக்கு எவ வச்சாலும் வரும் போல” என்றாள்.

அந்த நிமிடம் வரை எனக்கு ஒரு திட்டமும் இல்லை. சத்தியமாக இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நிலா அவளிடம் ஒட்டிக்கொண்டாள். பதினேழு வயதுப் பிள்ளை. நான் தமிழில் பத்து வார்த்தை கேட்டால் இந்த ஊர் மொழியில் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்கிறவள். அத்தையிடம் மட்டும் தத்துப்பித்தென்று தமிழில் பேசிக்கொண்டே இருந்தாள். “அத்தை, ‘வந்தாக’வா, ‘வந்தாங்க’வா, எது சரி?” என்று கேட்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பதினான்கு வருடம் நான் மல்லுக்கட்டி நடக்காத காரியம், இவள் சோபாவில் சம்மணம் போட்டு இரண்டு வாரத்தில் நடத்திவிட்டாள். செடியைவிட அதுதான் என்னை அதிகம் எரித்தது.

4

நிலாவுக்கு இங்கிலாந்தில் கல்லூரிகளைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. ஒன்பது நாள். மதினியின் விசா அந்தக் கடலைத் தாண்டாது. வீட்டில் தனியாக இருக்கச் சம்மதித்தாள். அரிசி, பருப்பு, இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் காட்டிக்கொடுத்தேன். கடைசியாக ஜன்னல் பக்கம் கூட்டிப்போனேன்.

“மதினி, செடிய மட்டும் பாத்துக்கங்க.”

நான் எதிர்பார்க்கவில்லை, அவளே கேட்டாள்: “எம்புட்டுத் தண்ணி ஊத்தணும்?”

இருபது வருடம் காத்திருந்த கேள்வி போல இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை என்று மூன்று சொல். நாக்கு நுனி வரை வந்தது. வெற்றிலைக் கொடி தண்ணீர் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பயிர். ஈரம்தான் அதன் உயிர். கொடிக்கால் வீட்டில் பிறந்தவளுக்குத் தண்ணீர் காட்டுவதுதான் வளர்ப்பு.

“கொடிக்காலுக்கு எப்பிடிப் பாப்பீகளோ அப்பிடிப் பாருங்க.”

“ரெண்டு வேளையும் ஊத்தவா?”

“உங்களுக்குத் தெரியாததா மதினி? உங்க கை ராசியான கை.”

அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். தலையை ஆட்டிக்கொண்டாள்.

கிளம்பும் நாள் காலையில், மதினி குளிக்கும் நேரத்தில், ஒரே ஒரு தொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டுபோய் எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்தேன். வெள்ளை ஆர்க்கிட். பதினொரு வருடத்துக்கு முன் கடை வாசலில் கழித்துக் கட்டி வைத்திருந்ததை நான் தூக்கிவந்து பிழைக்க வைத்தது. என் கை ஆகாத கை இல்லை என்று எனக்கு முதன்முதலில் காட்டிய செடி. அதைப் பலிகொடுக்க என்னால் ஆகவில்லை. மற்றவற்றைக் கொடுத்தேன். மனசறிந்து கொடுத்தேன்.

தினமும் போன் வரும். “ரெண்டு வேளையும் ஊத்திட்டேன்த்தா. இலை பூராம் நனைய ஊத்துனேன். அடித்தொட்டியில தண்ணி நிக்கிது, குளுகுளுன்னு இருக்கு.” அந்தச் செடிகள் ஒவ்வொன்றும் எந்த மாதம் மொட்டு விடும் என்று எனக்குத் தெரியும். நான்காம் நாள் போனைக் கையில் எடுத்தேன். எவ வச்சாலும் வரும் என்று அவள் சொன்னது காதில் கேட்டது. போனைக் கீழே வைத்துவிட்டேன்.

5

கதவைத் திறந்ததும் வாடை. கொடிக்காலில் அடித்த அதே வாடை.

மதினி ஜன்னல் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தொட்டி. இலைகள் மஞ்சளாகி, குருத்துக் கழன்று, தரையெல்லாம் பூ. “ஏத்தா சாந்தி, நான் என்னத்தா செஞ்சேன், நல்லாத்தான பாத்தேன்” என்று அழுதாள். முருகேசன் தரையைப் பார்த்தார். நிலா ஓடிப்போய் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“மதினி, நீங்க வீட்டுக்குத் தூரம் ஒண்ணும் இல்லையே?”

ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணிடம் கேட்டேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அழுகை நின்றது.

“தண்ணி கூடிப்போச்சுத்தா. வேரு அழுகியிருக்கு, பாரு.”

“தண்ணியிலயும் அழுகுமா? தீட்டுப் பட்டாத்தான அழுகும்? நீங்கதான சொன்னீக?”

மதினி மடியில் இருந்த தொட்டியிலிருந்து செடியை உருவினாள். கறுத்த வேரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மெதுவாகச் சொன்னாள்.

“அன்னைக்கு கெணத்து மோட்டாரு ஆட்டோ சுவிச்சுல கெடந்துச்சு. மழை வந்துருச்சேன்னு நிறுத்தப் போகணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். கரண்டு வரவர அது பாட்டுக்கு ஓடிருக்கு. ரெண்டு நாளு. மேல மழை, கீழ மோட்டாரு. நான் போயிப் பாக்கையில வாய்க்கா பூராம் தண்ணி நிக்கிது.”

“தெரிஞ்சுதான் என் மேல போட்டீகளா?”

“புருஷன் வீட்டுல இருந்து வந்து ரெண்டு மாசந்தான் ஆச்சு. அப்பா என்னைய அடிச்சு வெரட்டிருப்பாரு. எங்கன போவேன்? நீ புதுசா வந்தவ, ஒன்னைய வெரட்ட மாட்டாகள்ல.”

படிக்கிற நீங்கள் அவளுக்காக இரக்கப்படலாம். எனக்கும் ஒரு நிமிடம் இரக்கம் வந்தது, மறைக்கவில்லை. அந்த முற்றத்தில் குனிந்து நின்ற இருபத்தைந்து வயதுச் சாந்தியை நினைத்துக்கொண்டேன், இரக்கம் போய்விட்டது.

“ஞாயித்துக்கெழமை போன்ல எல்லாரும் இருப்பாக. அங்கன சொல்லுங்க” என்றேன்.

6

ஞாயிறு மத்தியானம் வழக்கமான வீடியோ அழைப்பு. வடுகபட்டியில் சின்ன மாமனார், அவர் மகன், மருமகள் லட்சுமி, அக்கம்பக்கம் என்று திரை நிறைய முகம். நான் போனை ஜன்னல் பக்கம் திருப்பி அழுகிய தொட்டிகளை வரிசையாகக் காட்டினேன். பிறகு மதினி கையில் கொடுத்தேன்.

அவள் சொன்னாள். ஏமாற்றவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மோட்டார், மழை, வாய்க்கால், எல்லாம் சொன்னாள். “சாந்தி மேல தப்பில்ல. அவ சுத்தமாத்தான் இருந்தா. பொய் சொன்னது நான்தான்.” அந்தப் பக்கம் சின்ன மாமனார், “அடப் பாதகத்தி, எங்க அண்ணன் அந்த ஏக்கத்துலயே போயிட்டாரே” என்றார். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். இருபது வருட அழுகை, சந்தோஷமாக இருந்தது.

எதிர்வீட்டு அம்மா அன்று சாயங்காலம் வெள்ளை ஆர்க்கிட்டைத் திருப்பித் தர வந்தாள். என் செடிகளெல்லாம் காலமாகிவிட்டன என்று இந்த ஊர் மொழியில் சொன்னேன். அந்தச் சொல் மனிதர்களுக்கு மட்டும்தான், செடி வெறுமனே செத்துப்போகும் என்று திருத்தினாள். பதினான்கு வருடம் கழித்தும் இந்த மொழி என்னை விடவில்லை. அவள் பின்னால் கதவைச் சாத்தித் திரும்பினால் நிலா நிற்கிறாள். என் கையில் உள்ள தொட்டியைப் பார்த்தாள்.

“அத்தைகிட்ட வாரம் ஒருக்கான்னு நீ சொல்லலையா?”

“அவசரத்துல மறந்துட்டேன்.”

“இதை மட்டும் மறக்கலையே.”

தொட்டியை ஜன்னல் மேடையில் வைத்தேன். “அவங்க உன்னை மாட்டிவிட்டாங்க. நீ இருபத்திரண்டு செடியைக் கொன்னே. அதுங்க என்ன செஞ்சுச்சு?” என்றாள். இவ்வளவு நீளமாகத் தமிழில் அவள் என்னிடம் பேசியதே இல்லை. மறுநாளிலிருந்து என்னிடம் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டாள். இந்த ஊர் மொழியில்தான், அதுவும் கேட்டதற்கு மட்டும். செப்டம்பரில் கல்லூரிக்குப் போய்விட்டாள். வாரம் ஒருமுறை வடுகபட்டிக்கு அவள் போன் பேசுவது லட்சுமி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மதினியை விமானம் ஏற்றிவிட்டேன். நகராட்சியில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன்.

7

ஜன்னலில் இப்போது ஒன்பது தொட்டி இருக்கிறது. இன்று சனிக்கிழமை, முக்கி எடுத்து வடியவிட்டிருக்கிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது லட்சுமி கூப்பிட்டாள். ஊரில் அம்மன் கோயில் பொங்கல் சாட்டியிருக்கிறார்கள், முளைப்பாரிக்கு விதை போடும் நாள்.

“அக்கா, பாண்டியம்மா மதினிய உள்ள விட மாட்டேன்னுட்டாக. பொய்யச் சொல்லிக் கொடிக்கால அழிச்ச கையி, முளை வராதுன்னு பொம்பளையாளுக பூராம் ஒண்ணு போலச் சொல்றாக. மதினி வெளிய வேப்ப மரத்தடியில உக்காந்திருக்காக, எந்திரிக்க மாட்டேங்கிறாக. சாந்தி சரின்னு சொன்னா விடலாம்னு மாமா சொல்றாரு. பாதிக்கப்பட்டவ நீங்கதானாம்.”

“போன மதினிகிட்டக் குடு” என்றேன்.

பின்னால் குலவைச் சத்தம் கேட்டது. மதினி மூச்சு வாங்குவதும் கேட்டது.

“மதினி, நான் சொன்னா விடுவாகளாம். சொல்லட்டுமா?”

“சொல்லுத்தா” என்றாள். கும்பிட்டுக் கேக்குறேன் என்றாள். என் வாழ்க்கையில் அவள் என்னிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நிலா அடுத்த வாரம் அவளுக்குப் போன் செய்வாள், இதையும் கேட்டுக்கொள்வாள், அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

“அடுத்த வருஷம் பாப்போம் மதினி.”